பூனையின் சிறுநீரகத்தைப் பூண்டு காப்பாற்றாது

"சிறுநீரகம் கெட்ட பூனைக்கு ஒரு பல் பூண்டையும் ஒரு வைட்டமின் சி மாத்திரையையும் நசுக்கிச் சோற்றில் கலந்து கொடுங்கள், இரண்டும் ஆன்டிஆக்சிடன்ட் (செல்கள் சேதமாகாமல் காக்கும் பொருள்), சிறுநீரகம் பழையபடி ஆகிவிடும்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. தயவுசெய்து கொடுத்துவிடாதீர்கள்.

பூண்டு, வெங்காயம் எதுவானாலும் பூனையின் சிவப்பணுக்களை உடைக்கும். சிறுநீரக நோயில் ஏற்கெனவே ரத்தம் குறைந்துபோய், உதட்டைத் தூக்கிப் பார்த்தால் ஈறு வெளுத்துக் கிடக்கிற பூனைக்கு இதையும் கொடுத்தால் என்ன ஆகும்? வைட்டமின் சி-யைப் பூனையின் ஈரலே தயாரித்துக்கொள்கிறது. அளவுக்கு மீறினால் ஆக்சலேட் என்ற உப்பாக மாறி சிறுநீரில் கல் உண்டாகும் ஆபத்தும் இருக்கிறது. ஆன்டிஆக்சிடன்ட் மாத்திரையாக விற்கும் லிபோயிக் அமிலம் இன்னும் மோசம், நாம் விழுங்கும் ஒரு மாத்திரையே பூனைக்கு விஷம்.

சரி, ஆன்டிஆக்சிடன்ட் சுத்தப் பொய்யா? இல்லை. 2006-இல் வெளியான ஓர் ஆய்வில் வைட்டமின் ஈ, சி, பீட்டா கரோட்டின் மூன்றையும் அளவாகச் சேர்த்த உணவைச் சாப்பிட்ட சிறுநீரக நோய்ப் பூனைகளுக்கு டிஎன்ஏ சேதம் குறைந்தது. அவ்வளவுதான்; அழிந்த நெஃப்ரான் (சிறுநீரகத்தில் ரத்தத்தை வடிகட்டும் நுண்ணிய அமைப்பு) திரும்ப முளைக்கவில்லை, முளைக்கவும் செய்யாது.

உண்மையில் பூனையின் நாட்களை நீட்டுவது பாஸ்பரஸ் குறைத்த சிறுநீரக உணவு. அதோடு ஈர உணவு, எப்போதும் நிறைந்த தண்ணீர்க் கிண்ணம், அப்புறம் மருத்துவர் சொல்கிற இடைவெளியில் ரத்தப் பரிசோதனை, ரத்த அழுத்தம். பூண்டு ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்கள் என்றால் அறிகுறிக்குக் காத்திருக்காமல் இன்றைக்கே தூக்கிக்கொண்டு போங்கள், ஏனென்றால் ரத்தம் உடைவது சில நாள் கழித்துத்தான் வெளியே தெரியும்.