தோல்வி இல்லை என்பது சரி, இடைவெளி இல்லை என்பது தவறு

1957 முதல் 2018 வரை கலைஞர் கருணாநிதி இடைவெளியே இல்லாமல் எம்எல்ஏவாக இருந்தார் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். 13 முறை போட்டியிட்டு 13 முறையும் வென்றார், அது உண்மை. ஆனால் தொடர்ச்சி இல்லை. 1983இல் ஈழத்தமிழர் பிரச்சினைக்காக திமுகவின் க. அன்பழகனுடன் சேர்ந்து பதவி விலகினார். 1984 தேர்தலில் நிற்கவேயில்லை. சட்ட மேலவைக்குப் போனார், அதையும் 1986இல் எம்ஜிஆர் அரசு கலைத்துவிட்டது. 1991இல் துறைமுகம் தொகுதியில் வென்றும் ராஜினாமா செய்தார். கட்சியே துடைத்தெறியப்பட்ட தேர்தல் அது.

அப்புறம், கலைஞர் "விவசாயி பக்கமே திரும்பாதவர்" என்ற குற்றச்சாட்டு. 1957இல் குளித்தலையில் வென்று சட்டமன்றத்துக்குப் போனதும் அவரது கன்னிப்பேச்சே நங்கவரம் விவசாயிகளைப் பற்றியதுதான். உழவர் சந்தையைக் கொண்டுவந்ததும் 1999இல் அவர் ஆட்சிதான். விமர்சிக்க வேறு விஷயங்களா இல்லை?