லெஸ்டர் பட்டம் வென்றது பெரிய அணிகளின் சறுக்கலாலா?
2015-16இல் லெஸ்டர் சிட்டி அணி இங்கிலாந்தின் பிரீமியர் லீக் கால்பந்துப் பட்டம் வென்றதற்கு "பெரிய அணிகள் எல்லாம் சறுக்கியதே காரணம்" என்று இந்தக் கட்டுரையில் எழுதியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. செல்சி சரிந்தது உண்மைதான். ஆனால் 38 ஆட்டங்களில் மூன்றே தோல்வி, 81 புள்ளி, இரண்டாம் இடத்து ஆர்சனலைவிட 10 புள்ளி கூடுதல். இதையெல்லாம் அடுத்தவர் சறுக்கியா கொடுத்துவிட முடியும்? மேலே கருத்து எழுதிய ஒரு நண்பர், தாக்குதல் வீரர்கள் வார்டி, மாரெஸ் இருவர்தான் எல்லாம் என்கிறார். வார்டி 24 கோல் அடித்தார், மறுக்கவில்லை. ஆனால் தற்காப்பைக் கொஞ்சம் பாருங்கள். முதல் 9 ஆட்டங்களில் வாங்கியது 17 கோல், மீதி 29 ஆட்டங்களில் வெறும் 19! சொந்த மைதானத்தில் ஆர்சனலிடம் 5-2 என்று அடி வாங்கியதும் பயிற்சியாளர் ரனியேரி தற்காப்பின் இரு ஓரங்களிலும் ஆளை மாற்றி சிம்ப்சனையும் ஃபுக்ஸையும் இறக்கினார். கோல் வாங்காமல் ஆடினால் பீட்சா வாங்கித் தருகிறேன் என்று வீரர்களிடம் சொல்லி, அக்டோபரில் கிரிஸ்டல் பேலஸை 1-0 என வென்றதும் வாங்கியும் கொடுத்தார். மார்ச், ஏப்ரலில் வாட்ஃபோர்ட், நியூகாசில், மறுபடி பேலஸ், சவுத்தாம்ப்டன் என்று வரிசையாக நாலு ஆட்டம், நாலும் 1-0. சவுத்தாம்ப்டனுக்கு எதிராக கேப்டன் மோர்கன் தலையால் முட்டிய கோலை அந்த ஞாயிறு மாலை நேரலையில் பார்த்தபோதுதான், பட்டம் இவர்களுக்கே என்று முழுசாக நம்பினேன். நடுத் தற்காப்பில் ஹூத்தும் மோர்கனும் கோலுக்கு முன்னுள்ள பெனால்டி பெட்டிக்குள் வந்த பந்தையெல்லாம் தலையால் வெளியே தள்ளிக்கொண்டே இருந்தார்கள், காண்டே நடுக்களம் முழுக்க ஓடிப் பந்தைப் பறித்தார். கட்டுரையில் இவர்கள் மூவரின் பெயரும் ஓரிடத்தில்கூட இல்லை.