ஸ்டோனரின் வண்டியை ஓட்டியது கணினியா?

பின்சக்கரம் வழுக்காமல் பார்த்துக்கொள்ளும் ட்ராக்ஷன் கண்ட்ரோல் என்ற கருவி வந்த பிறகு, மோட்டார்சைக்கிள் பந்தயத்தின் உச்சப் பிரிவான மோட்டோஜிபியில் வீரர் த்ராட்டிலைத் (வேகம் கூட்டும் கைப்பிடியை) திருகினால் போதும், மிச்சத்தைக் கணினி பார்த்துக்கொள்ளும் என்று சொல்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். 2007இல் டுகாட்டி நிறுவனத்தின் வண்டியில் 18 பந்தயங்களில் 10ஐ வென்று கேசி ஸ்டோனர் உலக சாம்பியன் ஆனபோது இந்தப் பேச்சு உச்சத்தில் இருந்தது. ஆனால் அதே டுகாட்டியில் 2008இல் அவருடைய அணித்தோழர் மெலாந்திரி திணறினார்; 2011, 2012 ஆகிய இரண்டு பருவங்களிலும், பலமுறை உலக சாம்பியனான வாலண்டினோ ரோஸ்ஸியால் ஒரு பந்தயத்தைக்கூட வெல்ல முடியவில்லை. கணினிதான் வென்றது என்றால், அது இவர்களுக்கு மட்டும் ஏன் உதவ மறுத்தது?

அந்தக் கருவி செய்வது என்ன என்று பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். இரு சக்கரங்களின் வேகத்தையும் ஒப்பிட்டு, வண்டியின் சாய்வையும் கணக்கில் கொண்டு, பின்சக்கரம் அளவு மீறிச் சுழலும்போது இக்னிஷனைத் தாமதித்தோ வெட்டியோ அது இன்ஜினின் திறனைக் குறைக்கிறது. வழுக்கிய டயர் சட்டென்று பிடி கிடைத்து வீரரைத் தூக்கி எறியும் ஹைசைட் இதனால் குறைந்தது உண்மைதான். ஆனால் வண்டியை வளைவுக்குள் திருப்பித் தருவது அதன் வேலையல்ல. நான்கு வயதிலிருந்தே ஆஸ்திரேலியாவின் மண் ஓடுதளங்களில் பழகிய ஸ்டோனர், முன்சக்கரம் திரும்ப மறுத்த இடங்களில் பின்சக்கரத்தை வழுக்கவிட்டே வண்டியைத் திருப்பினார். அந்த வழுக்கலைத் தடுக்கும் கருவி அவருக்குத் துணை என்பதைவிட இடைஞ்சல் என்றே சொல்ல வேண்டும். ஆஸ்திரேலியாவின் பிலிப் ஐலண்ட் பந்தயத் தடத்தின் மூன்றாம் வளைவில், வேறு யாரும் துணியாத வேகத்தில் வண்டி பக்கவாட்டில் சறுக்கிக்கொண்டே போவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. அங்கே 2007 முதல் 2012 வரை ஆண்டுதோறும் வென்றவர் அவர்.

மண்ணில் பழகியவர்களின் ஆதிக்கம் அவரோடு தொடங்கியதல்ல. அமெரிக்கரான கென்னி ராபர்ட்ஸ் தொடங்கி வைத்த 1978 முதல் 1993 வரையிலான காலத்தில், மோட்டோஜிபிக்கு முன்பு உச்சப் பிரிவாக இருந்த 500 சிசி பிரிவின் 16 பட்டங்களில் 13 அமெரிக்கர்களுக்கே போயின. அவர்களில் பெரும்பாலோர் மண் ஓடுதளத்தில் வளர்ந்தவர்கள். (மண்ணில் வளர்ந்த அமெரிக்க வீரர் நிக்கி ஹெய்டனுக்கும் டுகாட்டி கைகொடுக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும், பின்னணி மட்டுமே போதும் என்று நான் வாதிடவில்லை.)

என் பார்வையில், ட்ராக்ஷன் கண்ட்ரோலால் உண்மையில் பயனடைந்தவர்கள் உச்சப் பிரிவுக்குக் கீழே இருந்த 250 சிசி பிரிவு என்ற பள்ளியில் படித்தவர்கள்தான். திறன் குறைந்த அந்த டூ-ஸ்ட்ரோக் வண்டிகளில், வளைவில் இழந்த வேகத்தை நேர்ப்பாதையில் மீட்க முடியாது. ஆகவே அகன்ற வளைகோட்டில் வேகம் குறையாமல் வழிந்தோடுவதே அங்கே பாடம். அதில் இருமுறை சாம்பியனான ஹோர்ஹே லொரென்சோவின் பாணியை, முரட்டுத்தனமான பெரிய இன்ஜினிலும் செல்லுபடியாக்கியதில் யமஹாவின் எலக்ட்ரானிக்ஸுக்குக் கணிசமான பங்கு உண்டு. அதற்காக அவருடைய மூன்று மோட்டோஜிபி பட்டங்களை யாரும் கணினியின் கணக்கில் எழுதவில்லை என்பதுதான் வேடிக்கை.

மேலும், த்ராட்டிலைத் திறந்த பிறகுதான் இந்தக் கருவிக்கு வேலை. பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ்ஸுக்கு மோட்டோஜிபியில் அனுமதி இல்லாததால், பிரேக் பிடிக்கும் இடத்தில் வீரரின் பழக்கம் அப்படியே வெளிப்படுகிறது. சாகச ஓட்டுநரின் மகனாக வளர்ந்த டோப்ராக் ராஸ்காட்லியோலு, பின்சக்கரம் அந்தரத்தில் நிற்க, மற்றவர்களைவிடத் தாமதமாகப் பிரேக் பிடித்தே 2021இல் யமஹாவிலும் 2024இல் பிஎம்டபிள்யூவிலும், கடைகளில் விற்கும் வண்டிகளை அடிப்படையாகக் கொண்ட சூப்பர்பைக் பந்தயத்தின் உலகப் பட்டத்தை வென்றார்.