நட்சத்திரம் போட்ட ஐந்நூறு ரூபாய்த் தாள் கள்ளநோட்டு இல்லை

தமிழக-கேரள எல்லையில் வேலந்தாவளம் காய்கறிச் சந்தை. தக்காளிப் பெட்டி இறக்கியவர் டீக்கடையில் நீட்டிய ஐந்நூறு ரூபாய்த் தாளைக் கடைக்காரர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "நம்பருக்கு நடுவுல ஸ்டார் இருக்குதுங்ணா, வேற குடுங்க." காரணம், கொழிஞ்சாம்பாறை வரை சுற்றும் ஒரு வாட்ஸ்அப் குரல் பதிவு. வாளையார் வழியாகக் கள்ளநோட்டு இறங்கியிருக்கிறதாம், நட்சத்திரம்தான் அடையாளமாம்.

தவறு. அந்த நட்சத்திரம் ரிசர்வ் வங்கியின் ஏற்பாடுதான். நூறு தாள் கட்டில் ஒன்று பிழையாக அச்சாகிவிட்டால், அதற்குப் பதிலாக நட்சத்திரம் போட்ட தாளை வைத்துக் கட்டை நிரப்புவார்கள். 2006 முதல் சிறிய மதிப்புத் தாள்களில் உண்டு. 500-இல் 2016 டிசம்பரில் வந்தது. 2023 ஜூலையில் இதே புரளி கிளம்பியபோது, செல்லும் என்று ரிசர்வ் வங்கியே சொல்லிவிட்டது.

சரி, எதைப் பார்ப்பது? தாளைச் சாய்த்தால் பச்சை இழை நீலமாக மாற வேண்டும். இரு ஓரத்திலும் ஐந்தைந்து சாய்கோடுகள் விரலில் தட்டுப்பட வேண்டும் (சந்தையில் கசங்கிய தாளில் இது அவ்வளவாகத் தெரியாது). எண்கள் வலப்பக்கம் போகப் போகப் பெரிதாக வேண்டும்.

அப்புறம், கள்ளநோட்டு என்று தெரிந்தே அடுத்தவர் தலையில் கட்டுவதும் குற்றம். வங்கியில் கொடுத்தால் பணம் வராது, ரசீது மட்டும் தருவார்கள். ஒரே தடவையில் நாலு தாள் வரை மாத அறிக்கையோடு போலீசுக்குப் போகும். ஐந்து ஆகிவிட்டால் எஃப்.ஐ.ஆர்.