ஒரு ‘ஐ’க்கு முன்னால் தோற்றுப்போகும் அகராதி

மூன்று நாளாக இந்த மின்னூல் கருவியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். எனக்கு வேண்டியது ஒரே ஒரு சொல்லுக்குப் பொருள். கதையில் ‘கொழுகொம்பை’ என்று வருகிறது. விரலை வைத்து அழுத்தினால் சொல் கறுக்கிறது, கீழே ஒரு பெட்டி எழும்புகிறது: ‘பொருள் கிடைக்கவில்லை’.

கருவி விற்றவர்களுக்கு எழுதினேன். ரீஸ்டார்ட் செய்யச் சொன்னார்கள், செய்தேன். அகராதியை நீக்கிவிட்டு மறுபடி ஏற்றச் சொன்னார்கள், ஏற்றினேன். அதற்கு மேல் பதிலே இல்லை. நானே தோண்டிப் பார்த்தால், புத்தகக் கோப்பில் மொழி ‘ஆங்கிலம்’ என்று பதிந்திருக்கிறது! அதை நம்பிக் கருவி ஆங்கில அகராதியைப் புரட்டிக்கொண்டிருக்கிறது. முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை தமிழ். அந்த ஒரு கட்டத்தில் ‘தமிழ்’ என்று போடப் பதிப்பித்தவருக்கு என்ன கேடு? காலிபர் என்ற மின்னூல் மென்பொருளில் திறந்து நானே மாற்றினேன்.

அப்போதும் அதே பெட்டி. கடைசியில் ‘ஐ’யை எடுத்துவிட்டு ‘கொழுகொம்பு’ என்று தட்டித் தேடினேன். உடனே வந்தது: கொடி பற்றிப் படரும் கொம்பு. சொல் உள்ளேயேதான் இருந்திருக்கிறது! நான் ஏற்றியிருப்பது சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை வெளியிட்ட பேரகராதி. லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள். அத்தனையும் ஒரு வேற்றுமை உருபுக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டு கிடக்கின்றன. ஆங்கிலத்தில் ‘வென்ட்’ என்பதை அழுத்தினால் இதே கருவி ‘கோ’வைக் காட்டுகிறதே, ‘வந்தவர்களிடம்’ என்றால் மட்டும் ‘வா’ ஏன் வரவில்லை? தமிழில் விகுதியும் உருபும் ஒட்டாமல் எத்தனை சொல் வரும்? விகுதியைக் கழற்றிப் பார்க்கும் நிரல்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. எடுத்துச் சேர்க்க மனம் வேண்டும்.

இன்னொரு கொடுமையும் உண்டு. கணினியில் எழுத்துகளைப் பதியும் யூனிகோட் முறையில் ‘கொ’வின் உயிர்க்குறியை ஒரே குறியாகவும் போடலாம், கொம்பும் காலுமாக இரண்டாகப் பிரித்தும் போடலாம். கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. புத்தகத்தில் ஒரு விதம், அகராதியில் இன்னொரு விதம் என்றால், ஒட்டே இல்லாத ‘கொடி’கூடக் கிடைக்காது. தேடும் முன் இரண்டையும் ஒன்றாக்கிக்கொள்ள வேண்டும். அதற்கு விதிமுறையே இருக்கிறது, ஆனால் செய்வதில்லை.

தமிழ் எழுத்துரு வந்துவிட்டது, தமிழ்ப் புத்தகம் வந்துவிட்டது என்று விளம்பரம் செய்து காசு வாங்கினீர்களே, வாசிக்கிறவன் ஒரு சொல்லில் தடுக்கி நிற்பான் என்று யோசிக்கவே இல்லையா? நேற்றிரவும் பாதிப் பக்கத்தில் கருவியை மூடிவிட்டு, காகிதத்தில் ஏழு சொற்களை எழுதி வைத்துக்கொண்டு படுத்தேன்.