அழகாக எழுதியதற்கா, உண்மையாக எழுதியதற்கா?

விருதுகளைப் பற்றிப் பேச்சு வந்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது திருப்பிக் கொடுக்கப்பட்ட ஒரு விருதுதான். 1980 செப்டம்பரில் வாஷிங்டன் போஸ்ட் நிருபர் ஜேனட் குக், ஹெராயினுக்கு அடிமையான 8 வயதுச் சிறுவனைப் பற்றி எழுதினார். நகரமே பதறியது. போலீஸ் தேடியது, பையன் கிடைக்கவில்லை. அலுவலகத்திலேயே சிலருக்குச் சந்தேகம் இருந்தது. ஆனாலும் கட்டுரை அமெரிக்காவின் பெரிய இதழியல் விருதான புலிட்சருக்குப் போனது, 1981 ஏப்ரலில் விருதும் வந்தது.

அதற்குப் பிறகுதான் கூத்து. விருது பெற்றவரின் வாழ்க்கைக் குறிப்பு வெளியானதும், அவர் முன்பு வேலை பார்த்த பத்திரிகையில் இருந்தவர்கள் "இந்தப் படிப்பெல்லாம் இவர் படிக்கவே இல்லையே" என்று விழித்தார்கள். அந்த நூலைப் பிடித்து இழுக்க, அப்படியொரு சிறுவனே இல்லை என்பது தெரிந்தது. அறிவித்த இரண்டே நாளில் விருது திரும்பிப் போனது. படிப்பு விஷயத்தில் மட்டும் அவர் பொய் சொல்லாமல் இருந்திருந்தால்? அந்தப் பையன் இன்றைக்கும் இதழியல் வகுப்புகளில் உயிரோடு இருந்திருப்பான்.

சரி, அது பழைய காலம் என்று சொல்ல முடியாது. ஜெர்மனியின் டேர் ஷ்பீகல் இதழில் எழுதிய கிளாஸ் ரெலோட்டியஸ், நாட்டின் முக்கியமான நிருபர் விருதை நான்கு முறை வாங்கியவர். நான்காவதை வாங்கியது 2018 டிசம்பரில். அவர் மனிதர்களையும் உரையாடல்களையும் கற்பனை செய்து எழுதினார் என்று இதழே ஒப்புக்கொண்டதும் அதே மாதத்தில்தான். உண்மை சரிபார்க்கவே பெரிய தனிப் பிரிவு வைத்திருக்கும் இதழ் அது! பிடித்தவர் அவரோடு சேர்ந்து ஒரு கட்டுரை எழுதிய ஹுவான் மொரேனோ. முதலில் மேலிடம் மொரேனோவைத்தான் சந்தேகப்பட்டது. பரிசுகளாக வாங்கிக் குவித்தவன் பொய் சொல்வானா, கூட எழுதியவனுக்குப் பொறாமையாக இருக்கும் என்றுதானே யாருக்கும் தோன்றும்? விருது ஒருவருக்குப் பெயர் மட்டும் தருவதில்லை, கேள்வி கேட்க வருபவனின் வாயையும் அடைத்துவிடுகிறது.

நடுவர்களைத் திட்டுவது சுலபம். நானும் ஒரு முறை ஒரு கட்டுரைப் போட்டிக்கு நடுவராக இருந்தேன். 40 கட்டுரைகள், ஒரு வாரம். நான் எதற்கு மதிப்பெண் போட்டேன்? நல்ல தொடக்கத்துக்கு, கண் கலங்க வைத்த ஒரு வரிக்கு, "எப்படித்தான் இவ்வளவு சரியான ஆளைப் பிடித்தாரோ" என்ற வியப்புக்கு. அந்த ஆள் உண்மையில் இருக்கிறாரா என்று ஒரு போன் கூடப் போடவில்லை. பத்திரிகை பார்த்திருக்கும் என்று நான் நினைத்தேன். நிருபர் பார்த்திருப்பார் என்று பத்திரிகை நினைத்திருக்கும். நிஜ மனிதர்கள் இப்படிக் கச்சிதமாகப் பேசுவதில்லை. கச்சிதமாக இருப்பதுதான் முதல் சந்தேகத்துக்குக் காரணமாக வேண்டும். நாங்களோ அதற்குத்தான் முதல் பரிசு கொடுத்தோம்.

ஆராய்ச்சியில் பொய்யே தேவையில்லை, அவசரம் போதும். டென்மார்க்கின் யோஹன்னஸ் ஃபிபிகர் ஒரு வகைப் புழு எலிகளுக்குப் புற்றுநோய் உண்டாக்குகிறது என்றார். 1926-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் அவருக்குப் போனது. அவர் ஏமாற்றுக்காரர் இல்லை, ஆனால் கண்டுபிடிப்பு பிற்பாடு நிற்கவில்லை. அதே துறையில் பெய்டன் ரௌஸ் 1911-இலேயே கோழிகளில் வைரஸால் கட்டி வருவதைக் காட்டியிருந்தார். அவருக்கு நோபல் கிடைத்தது 1966-இல், 87 வயதில். தவறான புழு முந்திக்கொள்ள, சரியான வைரஸ் 55 வருடம் வரிசையில் நின்றது. நோபல் விதிகளில் மேல்முறையீடு கிடையாது என்பதால் ஃபிபிகரின் பெயர் இன்னமும் பட்டியலில் இருக்கிறது.

எனக்கு அதைவிட உறுத்துவது நியூயார்க் டைம்ஸ் நிருபர் வால்டர் டுராண்டியின் விவகாரம். சோவியத் யூனியனிலிருந்து எழுதியதற்காக 1932-இல் புலிட்சர் வாங்கியவர், அதன் பின் உக்ரைனில் மக்கள் பசியால் செத்துக்கொண்டிருந்தபோது பஞ்சமே இல்லை என்று எழுதினார். விருதைப் பறிக்க வேண்டும் என்ற கோரிக்கையை 2003-இல் குழு பரிசீலித்தது. பரிசு பெற்றவை 1931-இல் வந்த கட்டுரைகள், அவற்றில் வேண்டுமென்றே ஏமாற்றியதற்குத் தெளிவான ஆதாரம் இல்லை என்று சொல்லி விட்டுவிட்டது. சட்டப்படி சரியாக இருக்கலாம். எனக்கு ஒப்பவில்லை.

விருதே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. யாரும் கண்டுகொள்ளாத வேலையை நாலு பேர் பார்வைக்குக் கொண்டுவர அதைவிட்டால் வேறு வழி அதிகம் இல்லை. இறுதிச் சுற்றுக்கு வரும் நாலைந்து பேரிடமாவது குறிப்பேட்டையும் பேட்டிப் பதிவையும் வாங்கி ஒருவர் உட்கார்ந்து பார்க்கட்டும், ஆய்வென்றால் மூலத் தரவைப் பார்க்கட்டும். பரிசுத் தொகையில் ஒரு பங்கை அந்தச் சரிபார்ப்பவருக்கே கொடுக்கட்டும்.

அடுத்த வருடம் அதே போட்டிக்கு மறுபடி நடுவராகக் கூப்பிட்டார்கள். மேலே சொன்னதை நிபந்தனையாக வைத்தேன். "நல்ல யோசனை சார், கமிட்டியில் பேசிவிட்டுச் சொல்கிறோம்" என்றார்கள். இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள் போல.