ஃபோல்டிட்: கிடைத்தது மருந்து அல்ல, ஒரு வடிவம்

ஃபோல்டிட் என்பது புரதங்களை மடித்து அவற்றின் வடிவத்தைக் கண்டுபிடிக்கும் கணினி விளையாட்டு. "ஃபோல்டிட் விளையாடியவர்கள் மூன்றே வாரத்தில் எய்ட்ஸுக்கு மருந்து கண்டுபிடித்துவிட்டார்கள்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அது சரியல்ல. 2011-இல் அவர்கள் கண்டறிந்தது ஒரு நொதியின், அதாவது ஒரு வகைப் புரதத்தின், முப்பரிமாண வடிவத்தை. அதுவும் எச்.ஐ.வி.யின் நொதி அல்ல. குரங்குகளைத் தாக்கும் மேசன்-ஃபைசர் வைரஸின் புரோட்டியேஸ், அதாவது புரதங்களை வெட்டும் நொதி. இந்த வைரஸும் எச்.ஐ.வி.யும் ரெட்ரோவைரஸ் என்ற ஒரே வகையைச் சேர்ந்தவை என்பதால் மருந்து வடிவமைக்க அது உதவக்கூடும், அவ்வளவுதான். அப்புறம், விளையாட்டில் கிடைத்த மாதிரியை எக்ஸ்-கதிர்த் தரவோடு பொருத்தித் திருத்தி முடித்தவர்கள் ஆய்வாளர்கள். இதைச் சொல்வதால் விளையாடியவர்களின் சாதனை துளியும் குறையாது. பத்தாண்டுக்கு மேல் ஆய்வாளர்களுக்கே பிடிபடாமல் இருந்த வடிவம் அது! விளையாடியவர்களில் பெரும்பாலோர் உயிர்வேதியியல் படித்தவர்களும் அல்ல. அவர்களுடைய குழுக்களின் பெயர்கள் அந்த ஆய்வுக் கட்டுரையின் ஆசிரியர் பட்டியலிலேயே இருக்கின்றன.